கடையில் மட்டும் வேலை செய்த கீபோர்ட்

கிருஷ்ணராஜ் தேசிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். பல்ப் என்றால் கடைக்காரன் ஹோல்டரில் மாட்டி எரித்துக் காட்ட வேண்டும். அது கொழும்பில் எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் ஒருதரம் எரிந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். இவர் அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வார், பிறகு இன்னொருதரம் போடச் சொல்வார். துறைமுகத்தில் வந்திறங்கும் பெட்டிகளை உடைத்துச் சரிபார்த்து விடுவிக்கிற வேலை அவருக்கு. அதையே செய்து செய்து, உலகம் முழுக்க உடைத்துப் பார்க்க வேண்டிய பெட்டியாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "நம்ப நட, நம்பி நடவாதே" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார்.

அந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. வீட்டுக்குள் வந்ததுதான் வினை. மகள் நேருஜா ஓ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை, அதில் ஒரு கொம்பியூட்டர். பின்னேரமானால் கதவைச் சாத்திக்கொண்டு சிநேகிதிகளோடு ஒரு விளையாட்டு. தீவொன்றில் எல்லோரும் சேர்ந்து மரம் வெட்டிக் கப்பல் கட்ட வேண்டுமாம். காதில் ஹெட்செட், போனில் எல்லோருடைய குரலும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். யாரோடு சிரிக்கிறாள் என்று கிருஷ்ணராஜுக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்டிருக்கலாம். வாய் இருக்கிறதே, கேட்பதற்கென்ன? கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போய், மெசேஜ்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அதுவும் போதாதென்று, அழைப்பை வெட்டாமல் அவள் கழற்றி வைத்திருந்த ஹெட்செட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

"ஹலோ, ஆர் பேசுறது?"

மறுபக்கம் ஒரு பெண்பிள்ளையின் குரல் திடுக்கிட்டது. "நான் றிப்னா, அங்கிள்."

"எந்த ஊர்? தகப்பன் பேர் என்ன? என்ன வேலை செய்யிறார்?"

மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். களனியில் இருக்கிற அந்தப் பிள்ளை, பாவம், பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. தலையில் துவாயோடு வாசலில் வந்து நின்ற நேருஜா கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

அன்றைக்கு அப்பாவோடு மூடிய வாய்தான், பிறகு திறக்கவே இல்லை. சாப்பாட்டுக் கோப்பையும் அறைக்குள் போய்விட்டது. ஏதாவது தேவையென்றால் எல்லாம் தாய் சுதர்சினி மூலம்தான். "அம்மா, அப்பாட்டச் சொல்லுங்கோ, ரௌட்டரை ஓஃப் பண்ண வேண்டாமெண்டு." அப்பா அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்குப் பிறகுதான் பெரிய இடி விழுந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கிற சித்தி வீட்டில் நின்று ஏ.எல். படிக்கப் போகிறாளாம். திங்கட்கிழமை போகிறாளாம். சித்தியும் ஓம் என்றுவிட்டாளாம்.

"என்ன கோதாரி இது! வெள்ளவத்தையில இல்லாத ரியூசன் கொட்டாஞ்சேனையில இருக்கோ?" என்று கத்தினார் கிருஷ்ணராஜ்.

"பிள்ளை ரியூசனுக்குப் போகேல்ல. உங்களிட்ட இருந்து போறாள்" என்றாள் சுதர்சினி, வெங்காயம் உரித்தபடி. "துரத்தினது நீங்கள். இனி நீங்களே இருத்தியெடுங்கோ."

ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யாருடைய கதவைப் பார்த்துக் கோபப்படுவது? அதை வெளியில் சொல்ல வாய் வருமா? வராது. அதற்குப் பதிலாக மறுநாள் முழுக்க அலுவலகத்தில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தார். பக்கத்து மேசை நபீஸ்தான் பொறுக்க முடியாமல் என்னவென்று கேட்டு, வழியும் சொன்னான்.

"மச்சான், கொம்பியூட்டர் அறையிலயே கிடக்கட்டும். படத்தை மட்டும் ஹோல் ரீவிக்கு எடு. ரீவிக்குப் பக்கத்தில ஒரு குட்டிப் பெட்டி வெச்சாப் போதும், வைஃபையில வந்துரும். என்ட வீட்டுல ஒண்டு சும்மா கிடக்கு, தாறன். பெரிய திரையைக் கண்டா புள்ள தன்னால வெளிய வருவா. நீ கீபோர்டும் மவுஸும் மட்டும் வயர் இல்லாததாப் பார்த்து வாங்கு."

சுதர்சினி தூது போனாள். பதிலும் வந்தது. பெரிய ரீவியில் விளையாட ஆசைதானாம். ஆனால் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமாம். சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரேயொரு தரம் வந்து பார்ப்பாளாம். சரிவராவிட்டால் சித்தி வீடுதானாம்.

கீபோர்ட் வாங்குவது என்ன பெரிய சீமை வேலையா என்றுதான் கிருஷ்ணராஜ் நினைத்தார். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் ஜவாத்தின் கடை. ஜவாத் நல்ல பொறுமைசாலி. பொறுமையில்லாதவன் கிருஷ்ணராஜுக்குச் சாமான் விற்க முடியாது. கேட்டதும் சின்னதாக ஒரு செற்றை எடுத்து வைத்தான். கீபோர்டும் மவுஸும் இரண்டுக்கும் சேர்த்து விரல் நகமளவில் ஒரு ரிசீவர். அதைக் குத்தினால் சரி. கிருஷ்ணராஜ் கடைக் கொம்பியூட்டரில் குத்தச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்து, மவுஸைக் கடை மேசையில் நாலு பக்கமும் ஓட்டிப் பார்த்து, திருப்தியோடு கொண்டுவந்தார்.

வீட்டில் ரிசீவரை நபீஸின் பெட்டியில் குத்தினார். செற்றியில் உட்கார்ந்து மவுஸை டீப்போயில் வைத்துத் தள்ளினார். திரையில் அம்பு அசையவில்லை. இன்னும் தள்ளினார். ஒரு துள்ளுத் துள்ளி மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டது. டீப்போய்க்கு மேலே கண்ணாடி! சுதர்சினி சீதனமாகக் கொண்டுவந்த கண்ணாடி. கடையில் இருந்தது பலகை மேசை. கண்ணாடியில் மவுஸ் ஓடாது என்று எவன் சொன்னான்? பழைய கலண்டர் மட்டையை எடுத்துக் கீழே வைத்தார். மவுஸ் ஓடியது. இப்போது கீபோர்ட் மக்கர் பண்ணியது. கடையில் கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்த சாமான், செற்றியிலிருந்து அடித்தால் ஒரு எழுத்தை விட்டுவிட்டு ஒரு எழுத்தைத்தான் பிடித்தது.

"கடையில செக் பண்ணினீங்கள்தானே?" என்று கேட்டாள் சுதர்சினி. கேட்ட தொனி இருக்கிறதே, அதற்குப் பேசாமல் இருந்திருக்கலாம்.

அந்தச் செற்றைச் செற்றிக்குக் கீழே தள்ளிவிட்டுத் திரும்பவும் ஜவாத்திடம் போனார். இந்தமுறை மவுஸே வேண்டாம் என்று, பக்கத்தில் விரலால் தடவுகிற பட்டை வைத்த கீபோர்ட் ஒன்று. புளூடூத், ரிசீவரே தேவையில்லை. நபீஸின் பெட்டியிலும் புளூடூத் இருந்தது. அதையும் கடையில் தடவித் தடவிப் பார்த்தார். வீட்டில் அருமையாக வேலை செய்தது. செற்றியில் சாய்ந்துகொண்டு அவர் திரையில் அம்பை ஓட்டியபோது மன்னர் மாதிரி இருந்தது. அறைக் கதவு ஒரு விரலளவு திறந்து மூடியது. சுதர்சினி உள்ளே போய் வந்தாள்.

"மரத்தைத் தூக்கிக்கொண்டு அதே நேரம் திரும்பிப் பார்க்கவும் வேணுமாம். உந்தத் தடவுறதில ரெண்டையும் செய்ய ஏலாதாம். மவுஸ்தான் வேணுமாம்."

"இதை முதல்லயே சொன்னால் வாயில முத்தா உதிரும்?"

"உங்களோட கதைக்கிறேல்லத்தானே. எப்பிடிச் சொல்றது?"

கிருஷ்ணராஜுக்கு விசர் வராத குறை. அடுத்த நாட்களில் அவர் கற்றுக்கொண்டதை எழுதினால் ஒரு கடையே வைக்கலாம். கீபோர்ட் மடியில் நிற்கிற பாரத்தில் இருக்க வேண்டும். காற்றுப்போல இருந்தால் வழுக்கி விழும். வலது பக்கத்து எண் கட்டைகள் இல்லாததாக இருந்தால்தான் பக்கத்தில் மவுஸுக்கு இடம் வரும். கட்டை டக்கு டக்கு என்று சத்தம் போட்டால் சுதர்சினியின் நாடகம் கேட்காது, பிறகு வேறு யுத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹோலின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். தன் கலியாணத்துக்கு வேட்டி எடுத்தபோதும் இவ்வளவு யோசித்ததில்லை.

சனிக்கிழமை காலையில் ஜவாத், தடவுகிற கீபோர்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கறுப்புச் செற் ஒன்றை வைத்தான். "சேர், நீங்க சொன்ன எல்லாம் இதில இருக்கு. இதுவும் சரிவராட்டி என்னைக் கடலில தள்ளுங்க."

"செக் பண்ணிக் காட்டும்."

கடையில் சனம் நெருக்கியது. ஜவாத் மவுஸின் வயிற்றைத் திறந்து ரிசீவரை எடுத்து, மேசைக்குக் கீழே இருந்த கடைக் கொம்பியூட்டரில் குத்தினான். கிருஷ்ணராஜ் ஒவ்வொரு கட்டையாக அடித்தார். தள்ளி நின்று அடித்தார். வாசலுக்கு வெளியே போய், ஒழுங்கையில் நின்று அடித்தார். எல்லா எழுத்தும் விழுந்தது.

"கட்டித் தரவா சேர்?"

"வேண்டாம், நான் கட்டுறன்." பொதி கட்டும்போதுதான் கடைக்காரர்கள் நல்லதை எடுத்துவிட்டுப் பழுதை வைப்பார்கள் என்பது அவருடைய கொள்கை. கீபோர்டைத் தன் கையால் பெட்டியில் வைத்தார். மவுஸைத் தன் கையால் வைத்தார். தன் கையால் டேப் ஒட்டினார். அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நாலு மணிக்கு அறைக் கதவு திறந்தது. நேருஜா வந்து செற்றியின் தொங்கலில், எழும்பி ஓடத் தயாரானவள் போல உட்கார்ந்தாள். போனில் சிநேகிதிகள் காத்திருந்தார்கள். பிள்ளை ஹோலுக்குள் வந்து இருந்ததே கிருஷ்ணராஜுக்குப் பெரிய காரியம். பெட்டியை உடைத்தார், பற்றறி போட்டார், கீபோர்டை மரியாதையோடு அவள் மடியில் வைத்தார். அவள் அடித்தாள். ஒன்றும் அசையவில்லை. மவுஸைக் கலண்டர் மட்டையில் ஓட்டினாள். அம்பு செத்துக் கிடந்தது.

"அம்மா, ரிசீவர் குத்தினாரோ எண்டு கேளுங்கோ."

"குத்தியிருக்கு!" என்று அப்பா நேரே பதில் சொன்னார். நபீஸின் பெட்டியின் பக்கத்தில் நகமளவில் கறுப்பாக ஒன்று துருத்திக்கொண்டுதான் நின்றது. முதல் செற்றின் ரிசீவர். ஒன்று ஏற்கெனவே குத்தியிருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அவர் நினைத்திருந்தார்.

நேருஜா எழும்பி, அந்தப் பெட்டியைப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"தொடாதை! எல்லாம் நான் செக் பண்ணினது!"

கத்தின பிறகுதான் அவருக்குத் தன் குரல் கேட்டது. நேருஜா நீட்டிய கையை மடக்கினாள். போனை எடுத்தாள், அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அலுமாரி திறக்கிற சத்தமும் பயணப் பையின் சிப் இழுபடுகிற சத்தமும் கேட்டன.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த மனுசன் அந்த நேரம் மகளின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கீபோர்டையும் மவுஸையும் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு, செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு, ஜவாத்தின் கடைக்கு ஓடினார்.

ஜவாத் ஒரு சிங்களப் பெண்மணிக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் பெயரைக் கேட்டு அடிக்கிற கட்டத்தில் இருந்தான். கிருஷ்ணராஜ் பெட்டியை மேசையில் போட்ட போட்டில் சார்ஜர்கள் துள்ளின.

"செத்த சாமானைத் தலையில கட்டியிருக்கிறீர்! என்ட பிள்ளை வீட்டை விட்டுப் போகுது, தெரியுமா?"

ஜவாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சேர், காலையில வேலை செஞ்சிச்சே. நீங்கதானே..."

"காலையில செஞ்சது! இப்ப பாரும்!" கீபோர்டை எடுத்து நெஞ்சோடு பிடித்து ஓன் பண்ணினார். வாயில் வந்த முதல் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். "என் அடிக்கிறன். ஈ அடிக்கிறன். ஆர் அடிக்கிறன். யூ. ஜே. ஏ. எங்க, ஒரு எழுத்து விழுந்ததா? இன்னொருக்கா அடிக்கிறன், பாரும்!"

"சேர், கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"நிப்பாட்ட மாட்டன்! என்... ஈ... ஆர்..."

பெண்மணிதான் முதலில் சிரித்தாள். "அனே மஹத்தயா, வெட கரனவானே!" வேலை செய்கிறதே என்று சொல்லி, பில் போடுகிற திரையைக் காட்டினாள். பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் நேருஜா, நேருஜா என்று ஆங்கிலத்தில் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது.

ஜவாத் குனிந்து மேசைக்குக் கீழே கையை விட்டான். கடைக் கொம்பியூட்டரிலிருந்து நகமளவு ரிசீவரைக் கழற்றி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "நீங்க செக் பண்ணச் சொன்னீங்க, நான் குத்தினேன். நீங்க கட்டினீங்க, நான் மறந்துட்டேன். இது இங்கயே கிடந்திருக்கு சேர்."

"வீட்டில ஒண்டு இருக்கே..."

"அது அந்தச் செற்றுட ஆள். இது இந்தச் செற்றுட ஆள். ஒண்டுக்கொண்டு சேராது."

கடையில் நின்ற சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணராஜுக்குக் காது இரண்டும் சூடேறியது. சோதித்துப் பார்க்கச் சொல்லாமல் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருந்தால், இந்நேரம் பிள்ளை ஹோலில் இருந்து விளையாடிக்கொண்டிருப்பாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஜவாத் திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். குரலைத் தணித்துக் கேட்டான். "நேருஜா... மகளா சேர்?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜவாத் ரிசீவரை மவுஸின் வயிற்றுக்குள் வைத்து மூடினான். பெட்டியைத் தானே கட்டினான். "இன்னொருக்கா குத்திச் செக் பண்ணிட்டே தரட்டா?"

"வேண்டாம் தம்பி" என்றார் கிருஷ்ணராஜ். "தாரும்."

வீட்டுக்கு வரும்போது கடல் பக்கம் வெயில் தாழ்ந்திருந்தது. சுதர்சினி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள். மகளின் அறை வாசலில் நீலப் பயணப் பை நின்றது. கிருஷ்ணராஜ் அந்தக் கதவைத் தட்டினார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் திறந்திருக்கிறார், தள்ளியிருக்கிறார், காதை வைத்துக் கேட்டிருக்கிறார். தட்டியதில்லை.

"பிள்ளை, பெட்டியை வாசல்ல வைக்கிறன். ரிசீவர் கடையிலயே நிண்டிட்டுது. என்ட பிழைதான். இப்ப உள்ளுக்கு இருக்கு எண்டு சொல்றாங்கள். நான் திறந்து பார்க்கேல்ல. வேலை செய்யுமோ செய்யாதோ, எனக்குத் தெரியாது." பெட்டியைக் கீழே வைத்தார். "அண்டைக்கு உன்ர ஹெட்செட்டை எடுத்ததும் பிழைதான்."

போய்ச் செற்றியில் உட்கார்ந்தார். பிறகு கதவு திறந்தது. நேருஜா டேப்பைக் கிழித்துக்கொண்டே வந்தாள். முதல் செற்றின் ரிசீவரைக் கழற்றி மூலையில் போட்டாள், புதியதைக் குத்தினாள்.

"பற்றறி போட்டீங்களோ அப்பா?"

இத்தனை நாளுக்குப் பிறகு அவரை நேரே கேட்ட கேள்வி. பற்றறியைப் பற்றிய கேள்வி. கிருஷ்ணராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "போட்டனான், பிள்ளை. போட்டனான்."

அம்பு அசைந்தது. ரீவியின் முழு அகலத்துக்கும் ஒரு தீவு விரிந்தது, கரையில் பாதி கட்டிய கப்பல். நேருஜா கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஹெட்செட்டைத் தேடவில்லை, போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்போயில் வைத்தாள்.

"ஹோல்ல இருந்து கதைக்கிறன்" என்றாள். "அப்பாவும் இருக்கிறார்."

போனில் ஒரு குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது. களனிப் பிள்ளையின் குரல்.

"ஹலோ, ஆர் பேசுறது? எந்த ஊர்? தகப்பன் பேர் என்ன? என்ன வேலை செஞ்சார்?"

சுதர்சினி குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். நேருஜா உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். கிருஷ்ணராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிருஷ்ணராஜ். ஊர் வெள்ளவத்தை. தகப்பன் பேர் பூபாலசிங்கம். தபால் கந்தோரில வேலை செய்தவர்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "அண்டைக்கு அப்பிடிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை."

"சரி அங்கிள், சோதனையில பாஸ்" என்றது றிப்னாவின் குரல். போனுக்குள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நேருஜாவும் சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டு வந்த சிரிப்பு, இன்றைக்குப் பக்கத்தில் கேட்டது.

அவர்கள் மரம் வெட்டத் தொடங்கினார்கள். கிருஷ்ணராஜின் கண் ரீவியில் நிற்கவில்லை. அறை வாசலில் அந்த நீலப் பை இன்னும் நின்றது. சிப் அரைவாசி திறந்திருந்தது. உடுப்பெல்லாம் உள்ளே இருக்கிறதா, திரும்ப அலுமாரிக்குப் போய்விட்டதா? எழும்பி ரெண்டு அடி வைத்தால் தெரிந்துவிடும். பிள்ளை விளையாட்டில் இருக்கிறாள், கவனிக்கவும் மாட்டாள். கை துறுதுறுத்தது. அந்தக் கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பிள்ளை" என்றார்.

"ம்?"

"திங்கக்கிழமை போறியோ?"

நேருஜா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அப்பாவையும், அப்பா உட்கார்ந்திருந்த விதத்தையும், அறை வாசலில் நின்ற பையையும் பார்த்தாள்.

"பையைத் திறந்து பார்த்தீங்களோ?"

"இல்லை."

அவள் திரும்பி மவுஸைப் பிடித்தாள். ஒரு மரத்தைத் தூக்கிக் கப்பலில் வைத்தாள்.

"பார்க்காட்டி, போகேல்ல" என்றாள்.